இருபத்தெட்டாவது மூடை

"எண்ட ஒரு மூடை எங்க?"
துண்டை நீட்டிக்கொண்டு நின்றார்
வீரமுனைக் குணநாயகம்.
நான் எழுதிய புரோகிராம் அதில் அச்சடித்திருந்தது:
மூடை இருபத்தெட்டு.
கிலோ ஆயிரத்து எழுநூற்று எண்பத்திரண்டு.
எங்கள் ஆலையில் மூடைக்கு அறுபத்தாறு கிலோ.
அவர் மனக்கணக்குக்காரர்.
வாய் திறக்கும் முன்பே
குறைந்த மூடை அவர் முகத்தில் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான்.
ஒரே மெஷின் பெட்டியில் ஏறி வந்த நெல்.
கடைசி மூடை பக்கத்து வயல் கணவதிப்பிள்ளையுடையது.
தராசடியில் பிஸ்ருல் அதைக் கண்டுபிடித்துக்
கிலோவைத் திருத்தினான்.
மூடைக்கு யாரும் சொல்லவில்லை.
அது பழையதையே பிடித்துக்கொண்டு,
நேர்மையாக,
இருபத்தெட்டு என்றது.

பொய் சொன்ன எண் அதில் எதுவுமில்லை.
ஒன்று முந்திய நிமிடத்து உண்மை,
மற்றது பிந்தியது.
இரண்டையும் ஒரே கிளாசுக்குள்
அடுத்தடுத்த அறையில் குடியமர்த்தி
இடையில் ஜன்னல் வைக்க மறந்தவள் நான்.

அன்றிரவு
ஹிஜ்ரா சந்தியில் கடைசிக் கொத்துச் சத்தமும் ஓய்ந்தபின்
தவிட்டுத் தூசு படிந்த விசைப்பலகையில்
திருத்தம் எழுதினேன்.
கிலோ மாறினால் மூடைக்குச் சொல்.
மூடை மாறினால் கிலோவுக்குச் சொல்.
அழகாய்த்தான் இருந்தது.
ஓடவிட்டேன்.
கிலோ மூடையிடம் சொன்னது,
மூடை கிலோவிடம் சொன்னது,
மாறிவிட்டேனே என்று கிலோ மறுபடி மூடையிடம்.
ஆயிரம் வரி எரர்
திரையில் சிவப்பாய் வழிந்தது.
கல்யாண வீட்டு வாசலில்
"நீங்க முதல்ல போங்க" என்று நிற்கும்
இரண்டு சம்பந்திகள்.
உள்ளே சோறு ஆறிப்போனது.

ஒரு கொடி வைத்து அடக்கினேன்:
நான் பேசும்போது நீ பேசாதே.
அடங்கின.
ஆனால் ஆயிரத்து எண்ணூறு கிலோ கொடுத்தால்
மூடை இருபத்தேழு தசம் இரண்டு ஏழு;
அந்த மூடையைத் திரும்பக் கிலோவாக்கினால்
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது தசம் எட்டு இரண்டு.
நூற்றெண்பது கிராம்.
கோழி கொத்தவில்லை,
எலி இழுக்கவில்லை.
வகுத்துப் போய்ப் பெருக்கி வந்த வழியில்
நெல் சிந்தியிருக்கிறது.

மின்சாரம் போனது.
முற்றத்தில் தார்ப்பாயின் கீழ் ஈர நெல்
பகல் வெயிலை இன்னும் மூச்சாய் விட்டுக்கொண்டிருந்தது.
அதற்கும் எடை மாறும்,
ஒருவருக்கும் சொல்லாமல்.
அது நாளைக்கு.
இருட்டில்தான் தோன்றியது,
நான் ஏன் இரண்டையும் வைத்திருக்கிறேன்?

தராசு அறிந்தது கிலோவை மட்டும்.
அதை மட்டும் வை.
பெயருக்கு முன் ஓர் அடிக்கோடு,
வெளியார் கைவைக்காதபடி.
மூடை இனி ஒரு கேள்விதான்.
கேட்டால் அந்த நொடியில் வகுத்துச் சொல்லும்.
கேட்காதபோது அது எங்கேயும் இல்லை.
யாராவது மூடையை மாற்ற வந்தால்
பெருக்கிக் கிலோவின் கையில் கொடுத்துவிட்டுத்
தான் வந்ததையே மறந்துவிடும்.
எழுபது வரியை அழித்தேன். ஒன்பது மிஞ்சியது.

காலையில் ஆதம்லெவ்வை ஹாஜியார்,
"மூடை எண்ணிக்கையத் தூக்கிட்டீங்களாமே மகள்?"
"இருக்கு, பாருங்க" என்றேன்.
இருந்தது,
அதே இடத்தில், அதே தடித்த எழுத்தில்.
அவர் பார்த்ததால் இருந்தது.

குணநாயகத்துக்குப் புதுத் துண்டு.
இருபத்தேழு.
ஆயிரத்து எழுநூற்று எண்பத்திரண்டு.
இரண்டு தரம் வாசித்து
நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
"கணக்குச் சரி தங்கச்சி"
என்று சொல்லிவிட்டு
அடுக்கடிக்குப் போய்
ஒவ்வொரு மூடையாய்க் கைவைத்து எண்ணத் தொடங்கினார்.
சிலது அறுபத்து நாலுதான் இருக்கும்,
வாய் தளரக் கட்டியவை.
என் கிளாசுக்கு அது தெரியாது.

பத்தொன்பதில் கை இருக்கும்போது
யாரோ அவரைக் கூப்பிட,
எண்ணிக்கை விட்டுப்போய்
முதலிலிருந்து.